கடலில் இருப்பவனுக்குச் சொல்லாத சேதி

பாங்காக்
22 ஏப்ரல் 2025

மங்கைக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். போன் பண்ணாதே, பண்ணினால் பக்கத்தில் அம்முவின் குரல் கேட்கும், அது என் காதில் விழக் கூடாது என்று நீ வாசலில் நின்று கத்தியது திருவொற்றியூர் குப்பம் முழுக்கக் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன். சௌக்கத் அலி பாய் துணி எடுக்க இங்கே வந்திருக்கிறார். நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறார். இனி அவர் வந்து போகும்போதெல்லாம் கடிதம் கொண்டுவருவார். பாவம், வண்ணாரப்பேட்டையிலிருந்து நம் வீடு வரைக்கும் வருவார், டீயாவது போட்டுக் கொடு.

ஊரா இது? அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது. ரோட்டுக்கு மேலே ரோடு, அதற்கு மேலே ரயில். கீழே வண்டிகள் எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரி நிற்கிற மாதிரி நிற்கின்றன. ஆனால் ஒருத்தனும் ஹாரன் அடிப்பதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. காலையில் ரயில் ஸ்டேஷனில் ஸ்பீக்கரில் ஏதோ பாட்டு போட்டார்கள். போய்க்கொண்டிருந்த ஜனம் அத்தனையும் அப்படியே நின்றுவிட்டது. நான் மட்டும் நடந்து போய் ஒரு அம்மா மேல் மோதினேன். அவர்கள் நாட்டுப் பாட்டாம்.

உன் மகள் வீடு பதினேழாவது மாடியில். ஜன்னலில் நின்றால் துறைமுகத்து கிரேன் தெரிகிறது. அது ஒன்றுதான் நம்ம ஊர் மாதிரி. அம்மு அந்தக் கப்பல் சரக்குக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது. நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் நானாகத்தான் சொல்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் பதினாலு ராத்திரி போட்டு கடலுக்குப் போகிறது. நான் டிரைவர், போட்டு ஓனர் சுயம்பு நான் இல்லாமல் போட்டை எடுக்க மாட்டான். அம்முவுக்கு ஆனிக் கடைசியில் பிரசவம். மாப்பிள்ளை வெற்றி கப்பலில் இருக்கிறான், ஆகஸ்டுக்கு முன்னால் இறங்க மாட்டான். நானும் கிளம்பிவிட்டால் இவளோடு யார் இருப்பது? யோசி.

பொன்னுரங்கம்

———

திருவொற்றியூர் குப்பம்
30 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

பாய் வந்தார். டீ கொடுத்தேன், முறுக்கும் கொடுத்தேன். நீ சொல்லித்தான் கொடுக்க வேண்டுமா?

யோசி என்று எழுதியிருக்கிறாய். நான் யோசிக்காத நாள் எது? பங்குனியில் வளைகாப்புக்கு ஏழு வகை சோறு கிண்டினேன். காலடிப்பேட்டையில் நின்று நின்று வளையல் பொறுக்கினேன். குப்பத்துப் பொம்பளைகள் அத்தனை பேரும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். முந்தின நாள் போன் பண்ணி, "லீவு கெடைக்கலமா, வரல" என்று வைத்துவிட்டாள். மனைப் பலகை மட்டும் கிடந்தது, உட்காரப் பெண் இல்லை. உன் தங்கச்சி மலர்க்கொடி எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "இன்னா அண்ணி, வளையல யாருக்குப் போடப் போறே, கம்பத்துக்கா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சோற்றை நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினவள் ஒவ்வொருத்தியும் என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஏழாம் மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வா என்று எத்தனை தடவை சொன்னேன்? அவளுக்கு ஆபீஸ்தான் ஆத்தா வீடு. ஆபீஸே பிரசவம் பார்க்கட்டும்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. கரி தூசு, துணி காயப் போட முடியவில்லை. மீன் இல்லாமல் எனக்கும் வியாபாரம் இல்லை. ஆம்பளைகள் வலை நிழலில் சீட்டாடுகிறார்கள். முட்டி வலிக்கிறது. நீயாவது அங்கே ஏசியில் இரு.

மங்கை

———

பாங்காக்
9 மே 2025

மங்கைக்கு,

ஏசியில்தான் இருக்கிறேன். ஒரே சளி. இங்கே கடை கடையாக ஐஸ் ரூம் மாதிரி வைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் அடுப்பு. உள்ளே போ, வெளியே வா என்று உடம்பு பேஜாராகிவிட்டது.

கால்வாயில் ஒரு போட்டு சர்வீஸ் ஓடுகிறது. டிக்கெட் வாங்கி ஏறினேன். தண்ணீர் நம்ம பக்கிங்காம் கால்வாய் கலீஜுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. டிக்கெட் கொடுக்கிற பெண் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஓடுகிற போட்டின் வெளி விளிம்பிலேயே நடக்கிறாள். ஓட்டுகிறவன் பாலத்துக்கு அடியில்கூட வேகத்தைக் குறைப்பதில்லை. அலை எழும்பி எல்லார் மூஞ்சியிலும் அடித்தது. ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை, பிளாஸ்டிக் திரையை இழுத்து விட்டுக்கொண்டு போன் பார்த்தார்கள். இந்த ஊர் ஜனம் ரொம்பக் களைத்த ஜனம் மங்கை. ரயிலில் நின்றுகொண்டே தூங்குகிறார்கள். ஒரு பெண் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எழுப்ப மனசு வரவில்லை, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஒவ்வொரு கட்டடத்து வாசலிலும் பொம்மை வீடு மாதிரி ஒரு சாமி. அந்தச் சாமிக்குச் சிவப்பு கலர் சோடா, ஸ்ட்ரா போட்டு வைத்திருக்கிறார்கள். வெயிலுக்கு அதுவும் நல்லதுதான்.

மார்க்கெட்டில் பால்சுறா கிடைக்கிறது. சுறாப்புட்டு எப்படிச் செய்வது என்று எழுதி அனுப்பு. நான் கிளம்புவதற்கு முன்னால் நிறையச் செய்து, டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் வைத்துவிட்டு வருகிறேன். பிள்ளை பிறந்ததும் அவளே எடுத்துச் சூடு பண்ணிச் சாப்பிடட்டும். பால் ஊற வேண்டும் அல்லவா?

அவள் அதிகம் நடப்பதில்லை. படுத்தபடியே கம்ப்யூட்டரைப் பார்க்கிறாள். வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். ஏன் என்று கேட்டால், "இந்த ஊர்ல அப்படித்தான் நைனா" என்கிறாள்.

பொன்னுரங்கம்

———

திருவொற்றியூர் குப்பம்
16 மே 2025

மாமா,

உனக்கு மூளை கழன்றுவிட்டதா? பச்சை உடம்புக்காரிக்கு ஐஸில் வைத்த சுறாவா? இத்தனை வருஷமாக நான் மீன் விற்கிறேன். ஐஸ் மீனைத் தொட்டுப் பார்த்தே தூக்கிப் போடுகிறவள். என் வீட்டில் பிறந்தவள் பிள்ளை பெற்றுவிட்டுப் போன வாரத்துச் சுறாவைத் தின்பாளா? கேட்டால் குப்பம் காறித் துப்பும்.

சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்துத் தோலை உரி. ஆறினதும் உதிர்த்துத் துணியில் கட்டி நன்றாகப் பிழி. தண்ணீர் நின்றால் வாடை அடிக்கும். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், உரித்த பூண்டு, பூண்டு கை நிறையப் போடு. காரம் கொஞ்சமாக. கிண்டும்போது பக்கத்திலேயே நில், போனைப் பார்க்காதே. இது உனக்காக எழுதினது. நீ செய்து நீ தின்னு. அவளுக்காக எழுதினேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

பாய் கையில் நெத்திலிக் கருவாடு கொடுத்தேன். "பெட்டி நாறுனா ஏர்போர்ட்டுல என்னை உள்ள வெச்சிடுவாங்கம்மா" என்று புலம்பினார். மூன்று கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன். அதுவும் உனக்குத்தான்.

வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறாளா? எதற்கு? இங்கே எவளும் அப்படிப் போனதில்லையே.

மங்கை

———

பாங்காக்
23 மே 2025

மங்கை,

உட்கார்ந்து படி.

மார்ச் கடைசியில் இங்கே நிலநடுக்கம் வந்தது, டிவியில் பார்த்து நீ அலறினாயே. "எங்க ஏரியாவுல ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஃபேன் ஆடுச்சு" என்றாள் இவள். பொய். அப்போது இவள் ஆபீஸில், இருபத்திரண்டாவது மாடியில் இருந்திருக்கிறாள். கட்டடம் தொட்டில் மாதிரி ஆடியதாம். லிஃப்ட் நின்றுவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே இறங்கியிருக்கிறாள். கீழே வந்ததும் ரத்தம் பட்டுவிட்டது. ரோடு முழுக்க ஜனம், வண்டி நகரவில்லை. கூட வேலை பார்க்கிற இந்த ஊர்ப் பெண் ஒருத்தி மோட்டார் சைக்கிள்காரனைப் பிடித்து, மெல்ல மெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். கையெழுத்துப் போட்டதுகூட அந்தப் பெண்தான்.

பிள்ளை தங்கிவிட்டது. ஆனால் எழுந்து நடக்கக் கூடாது, பிளேன் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நீ ஏழு வகை சோறு கிண்டின அன்றைக்கு இவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால்பக்கம் உயர்த்திப் படுத்திருந்தாள். லீவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

எனக்கு இது தெரிந்தது போன வாரம். அந்தத் தாய்லாந்துப் பெண் பழம் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தாள். கையை ஆட்டிக் காலை ஆட்டி நடித்துக் காட்டிவிட்டாள். அம்மு அழுதாள். "அம்மாகிட்ட சொல்லாத நைனா, சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். பண்ணிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வெற்றிக்காவது சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை. "அவரு கடல்ல கீறாரு நைனா. கடல்ல கீறவங்களுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாதுன்னு அம்மாதானே சொல்லும்" என்றாள்.

உன்னைத்தான் நினைத்தேன் மங்கை. அம்மு பொடிசாக இருந்தபோது நம் இரண்டாவது பிள்ளை ஆறாம் மாதத்திலேயே போனதே, அன்றைக்கு வயர்லெஸ்ஸில் நீ என்னிடம் என்ன சொன்னாய்? "எல்லாம் நல்லா கீது, மீனு எப்படி?" என்று கேட்டாய். நான் வஞ்சிரம் நிறைய விழுந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன். கரைக்கு வந்து வலையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் வயிறு காலியாக இருந்தது. நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனசோடு செய்தாய் என்று தெரியும். ஆனால் அன்றைக்கு மீன் விழுந்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இவள் உன்னை மதிக்காமல் போகவில்லை. உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் செய்திருக்கிறாள். கடல்காரனுக்கு மறைக்கிறதை இவள் எல்லாருக்கும் மறைத்துவிட்டாள், உனக்கும் சேர்த்து. சொன்னால், "வேலைய வுடுன்னு நான் அப்பவே சொல்லல?" என்று கேட்பாய் என்ற பயமும் இருந்திருக்கிறது.

இப்போது தடைக்காலம். நீயும் கரையில் இருக்கிறாய், நானும் கரையில் இருக்கிறேன். அதனால் சொல்லலாம் என்று தோன்றியது.

நான் ஜூன் பதின்மூன்றாம் தேதி அங்கே இருக்க வேண்டும். அதற்குள் நீ வர வேண்டும். டாக்டர் பிள்ளை முன்னாலேயே வந்தாலும் வரும் என்கிறார்.

பொன்னுரங்கம்

———

திருவொற்றியூர் குப்பம்
30 மே 2025

மாமா,

கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாய் என்னம்மா என்னம்மா என்று கேட்டார். பாவம், டீயைக்கூடக் குடிக்காமல் போனார்.

பாவி மகள். பாவி மகள். கட்டிலில் கிடந்தவளைத்தான் நான் தெருவெல்லாம் ஏசினேனா? மலர்க்கொடியோடு சேர்ந்து நானும் ஏசினேனே!

அன்றைக்குச் சுயம்புவின் அப்பாவுடைய ஷெட்டில் நான் வயர்லெஸ் மைக்கைக் கையில் வாங்கினபோது எனக்கு இன்னும் ரத்தம் நிற்கவில்லை. புடவைக்குள் துணி வைத்துக்கொண்டு நின்றேன். "வந்துடு மாமா" என்று ஒரு வார்த்தைதான் தொண்டையில் இருந்தது. காற்று அடிக்கிறது, கேட்டால் நீ ராவோடு ராவாகப் போட்டைத் திருப்புவாய், ஏதாவது ஆகிவிடும் என்று முழுங்கினேன். எங்கம்மாவும் அப்படித்தான் முழுங்கினாள். நீ சிரித்தது எனக்குக் கேட்டது. அதுக்கு அப்புறம் நான் அந்த ஷெட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாராவது கூட இருந்தால் போதும் என்று இருந்தது. ஒருத்தரும் இல்லை. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

அதே மாதிரி என் பெண்ணும் கிடந்தாளா? அதுவும் பேச்சு புரியாத ஊரில்?

எழுத முடியவில்லை.

மங்கை

———

பாங்காக்
3 ஜூன் 2025

மங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நான் குளியல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். "அம்மா இன்னா எழுதிகீது?" என்று அம்மு கேட்டாள். வெயில் அதிகமாம் என்றேன். பார், நானும் மறைக்கிறேன். இந்த வியாதி நம் மூன்று பேருக்கும் இருக்கிறது.

வருகிறாயா இல்லையா, அதை மட்டும் எழுது. வரவில்லை என்றால் சுயம்புவிடம் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். இந்த சீசனும் போகும், அவன் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வானா என்பதும் சந்தேகம். போனால் போகட்டும். களைத்துவிட்டேன்.

பொன்னுரங்கம்

———

திருவொற்றியூர் குப்பம்
7 ஜூன் 2025

மாமா,

வேறு டிரைவராவது கத்தரிக்காயாவது! நீ வந்து போட்டை எடு.

பாய் கையில் இந்தக் கடிதம் முன்னால் வருகிறது. நான் பத்தாம் தேதி வருகிறேன். பாய் சம்சாரம் ரஹீமுன்னிசா அக்கா பிளேன் வரைக்கும் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மு ஊரை விட்டுக் கிளம்பினபோது நமக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்தாளே, பிரிக்காமல் அரிசிப் பானையில் கிடந்தது. வளையல் அத்தனையும் எடுத்துக்கொண்டேன். பூண்டு உரித்துக் கட்டிக்கொண்டேன். சுறா அங்கேயே வாங்கிக்கொள்கிறேன். நீ வாங்கி வைக்காதே, நான் பார்த்து வாங்க வேண்டும்.

அவளிடம் சொல்லிவிடு. அம்மாவுக்குத் தெரியும், அம்மா வருகிறாள் என்று சொல்லிவிடு. திடீரென்று போய் நிற்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம். மறைத்தது போதும்.

மங்கை

———

பாங்காக்
21 ஜூன் 2025

மாமாவுக்கு,

பிள்ளை பதினெட்டாம் தேதி பிறந்தது. பெண். நாள் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். ரொம்பப் பொடிசு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், மூக்கில் குழாய். மூச்சு அவளாக விட இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம். பிழைப்பாள் என்றுதான் டாக்டரம்மா சொல்கிறாள். ஆனால் உறுதி கொடுக்கவில்லை. அம்மு உடம்பு தேறிவிட்டது. மனசு தேறவில்லை.

இதை எல்லாம் சுயம்புவுக்குப் போன் பண்ணி, வயர்லெஸ்ஸில் உனக்குச் சொல்லச் சொன்னேன். "இன்னா அண்ணி இது, கடல்ல கீறவருகிட்ட போயி இதெல்லாமா சொல்றது? கொயந்த பொறந்துச்சி, எல்லாம் நல்லா கீதுன்னு சொல்லிடறேன்" என்றான். "நான் சொன்னத அப்படியே சொல்லுடா, ஒரு வார்த்த முழுங்கினே, ஊருக்கு வந்து ஒன்ன செருப்பால அடிப்பேன்" என்றேன். சொன்னானா?

வெற்றி கப்பலுக்கும் அம்முவே சேதி அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளை போனில் அழுகிறார். அழட்டும்.

நீ எழுதினது சரிதான், இந்த ஊர் களைத்த ஊர். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள். அவள் பேரப்பிள்ளையும் பெட்டிக்குள். அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. ஒருத்தி மாற்றி ஒருத்தி தூங்குகிறோம். நான் கொண்டுபோன கருவாட்டுச் சோற்றை அவள் வாங்கித் தின்றாள். வளையலை அம்மு கையில் போட்டேன், நர்ஸ் கழற்றச் சொல்லிவிட்டாள். கழற்றி மடியில் வைத்திருக்கிறேன்.

சுறா நல்லதாகக் கிடைத்தது. அம்முவுக்குப் பால் வருகிறது. பிழிந்து பாட்டிலில் கொடுத்தால், குழாய் வழியாகப் பிள்ளைக்கு விடுகிறார்கள்.

பயமாக இருக்கிறது மாமா.

மங்கை

———

காசிமேடு
27 ஜூன் 2025

மங்கைக்கு,

நேற்று கரை சேர்ந்தோம். போட்டிலிருந்து இறங்கினதும் உன் கடிதத்தைப் பாய் துறைமுகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். நாளைக்குத் திரும்பவும் அங்கே வருகிறார். போனில் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

சுயம்பு சொன்னான். அப்படியே சொன்னான். முதலில் இழுத்தான், அப்புறம், "அண்ணா, அண்ணி திட்டும், அதனால சொல்றேன்" என்று ஆரம்பித்துப் பொடிசு, பெட்டி, குழாய் எல்லாம் சொன்னான். சுற்றி இருந்த போட்டுக்காரன் எல்லாம் கேட்டுவிட்டான். நான் ஸ்டியரிங்கை ஆளிடம் கொடுத்துவிட்டுப் போய் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன். எல்லார் முன்னாலும் அழுதேன். கடலில் சேதி சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் ஏன் வைத்தார்கள் என்பது புரிந்தது.

அந்த நடையில் ஒழுங்காக மீன் பிடிக்கவில்லை. சுயம்புவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கிடக்கட்டும். பயந்துகொண்டேதான் வலை இறக்கினேன், பயந்துகொண்டேதான் வலை தூக்கினேன். ஆனால் இந்தத் தடவை உன்னோடு சேர்ந்து பயந்துகொண்டிருந்தேன் மங்கை. அந்தத் தடவை நீ ஷெட்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் கடலுக்குப் போகிறோம். வயர்லெஸ் போட்டே வைத்திருப்பேன். பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்தால் சொல்லு. எடுக்கவில்லை என்றாலும் சொல்லு.

பொன்னுரங்கம்